வாய்ப்புண்ணும் ஏலக்காய்ச் சோலியும்

இன்று காலை ரிப்போர்ட் வந்தது.

என் வீட்டுக்காரருக்குப் பல மாதமாக வாய்ப்புண். கன்னத்தின் உள்பக்கம் சிவந்து, வெள்ளை வெள்ளையாகக் கோடு. ரசம் பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

போடியில் வாய்ப்புண் என்று வெளியே சொல்லிவிடக் கூடாது. (சொல்லிவிட்டோம்.)

சிலமலை நாத்தனார் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு பாத்திமாக்கா மாசிக்காயைத் தேனில் இழைத்துத் தடவச் சொன்னார். குரங்கணி ஜீப் டிரைவர் கொய்யா இலைக் கஷாயம். நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு எங்கள் சொந்த ஏற்பாடு.

எல்லாமே கொஞ்சம் இதமாக இருக்கும். அப்புறம் பழையபடி எரியும். நான் மறுபடி கீரை ஆய உட்காருவேன்.

எனக்குப் பயம். அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. (கூகுளில் மட்டும் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.)

கடைசியில் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வெற்றிலை, பாக்கு, புகையிலை ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"எதையும் மெல்ற பழக்கமே கெடையாது டாக்டர்" என்றார் மனுஷன், பெருமையாக.

இவருக்கு ஏலக்காய் மண்டியில் காய் பார்க்கிற வேலை. மூட்டைக்கு மூட்டை ஒரு காயை உரித்து மென்று பார்த்துத்தான் விலை சொல்வார்.

"பகல் பூராம் ஏலக்காய மெல்றீகளே, அது என்னங்க?" என்றேன்.

"அது சோலி. மெல்றதுல சேருமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சிலருக்கு வாசனைப் பொருள் ஓயாமல் பட்டாலே இப்படி ஆகலாம், நிறுத்திப் பாருங்கள் என்றார். புண்ணிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினார்.

அன்றோடு ஏலக்காய் கட். எரிச்சல் மெல்லக் குறைந்தது. ஆனாலும் ரிப்போர்ட் வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. அவர் நன்றாகக் குறட்டை விட்டார்.

இன்று டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதும் கிளினிக் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அவரும் சூடாகக் குடித்தார், முகம் சுளிக்காமல்.

கீரைதான் குணமாக்கியது என்கிறார் நாத்தனார். மாசிக்காய்தான் என்கிறார் பாத்திமாக்கா. நான் ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டேன்.

மத்தியானம் மண்டியிலிருந்து சாம்பிள் பொட்டலத்தோடு வந்தார். ஒரு காயை உரித்து என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"நீ மென்னு பாத்துச் சொல்லு. வெரசா, லோடு நிக்கிது."

மென்றுகொண்டேதான் டைப் செய்கிறேன். எனக்கு வாய்ப்புண் வந்தால், நாத்தனாரிடம் மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.