ஆவுளியா மீனா, கறியா?

பிளாரன்ஸ் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுத்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், தூத்துக்குடி வட்டாரத்தில் குட்டிக்குப் பால் கொடுக்கும் காட்டு விலங்குகள் எவை, எங்கே இருக்கின்றன என்று வரைபடம் போடக் கிளம்பினாள். விளாத்திகுளம் கரிசலில் குள்ளநரி, உப்பளத்து ஓரம் கீரி, ஓடைப் பக்கம் முள்ளம்பன்றி என்று லீவு நாளெல்லாம் வெயிலில் அலைந்து குறித்தாள். கூடப் போன எனக்குத்தான் கால் கழன்றது.

படத்தில் தரை நிரம்பிவிட்டது. கடல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஆவுளியா என்கிற கடல்பசு உண்டு, கடல்புல் மேயும் சாதுப் பிராணி. ஆனால் பிடிக்கக் கூடாதென்று சட்டம் வந்ததிலிருந்து, கடற்கரை ஊரான தருவைகுளத்தில் யாரைக் கேட்டாலும், "அப்படி ஒண்ண நாங்க பாத்ததே இல்ல டீச்சர்" என்றார்கள். மீன் பிடிக்கப் போகும் அவளுடைய சொந்த அண்ணன் ரோச்சும் அதையே சொன்னார். பிளாரன்சுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இல்லன்னு படம் போட்டா, இல்லாததக் காப்பாத்த எவன் வருவான்?" என்றாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலம் பிறந்தது. பிளாரன்ஸ் மாதிரி கத்தோலிக்க வேதக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். இறைச்சி ஆகாது, மீன் ஆகும். நான் நாசரேத்துச் சபைக்காரி, எங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஒரு நாள் கரையில் வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவர்கள் நடுவே உட்கார்ந்து அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வெள்ளிக்கிழம ஆவுளியா திங்கலாமா? அது மீனா, கறியா?"

"தண்ணிக்குள்ள கெடக்கது மீன்தான் டீச்சர்" என்றார் அவர்களில் ஒருவரான சிலுவை.

"மாட்டுக்கறி கெணக்கா ருசிக்கு, அது எப்படி மீனாவும்?" என்று இனிகோ எகிறினார்.

பார்த்தே இராதவர்கள் ருசி சொன்னார்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர்களோடு வலை முடைந்துகொண்டிருந்த ரோச் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு, "கறிதான்" என்றார். "என் திருக்கை வலையில தாய் மாட்டிக் கெடந்துச்சு. குட்டி அத விட்டுப் போவாம, நெஞ்சுல முட்டி முட்டிப் பால் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மீனு பால் குடுக்குமாலே?"

பிளாரன்ஸ் படத்தை விரித்தாள். "இதுல யார் பேரும் வராதுண்ணே. எங்கனன்னு மட்டும் காட்டு."

ரோச் விரல் வைத்தார். சிலுவையும் இனிகோவும் தங்கள் இடங்களைக் காட்டினார்கள். கடல் நிரம்பத் தொடங்கியது.

"தாயை என்ன விலைக்குக் கொடுத்தீங்க?" என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"வலைய அறுத்து ரெண்டையும் விட்டுட்டேன்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "இவனுவ சிரிப்பானுவன்னுதான் பாறையில கிழிஞ்சிட்டுன்னு சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிளாரன்ஸ் அண்ணனை அவ்வளவு பெருமையோடு பார்த்தாள். மற்ற இடங்களில் ஒற்றைப் புள்ளி வைத்தவள், அவர் காட்டிய இடத்தில் பெரிதாக ஒன்றும் அதையொட்டிச் சிறிதாக ஒன்றும் வைத்தாள்.