ஃபேன் கேட்ட டீச்சர்

போன் வந்தபோது மணி இரண்டே கால். 1998 டிசம்பர் மாதத்து மத்தியானம். கோவில்பட்டியில் அந்தத் தெருவின் பதினோரு வீட்டுக்கும் சுடலைராஜ் அண்ணாச்சியின் பலசரக்குக் கடைப் போன்தான் பி.பி. நம்பர். அண்ணாச்சி ரிசீவரைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "ஏம்மா சுகுணா, திருவனந்தபுரத்துல இருந்து உனக்குப் போன்" என்று குரல் கொடுத்தார். கூப்பிட்டது சுகுணாவை, வெளியே வந்தது தெரு முழுக்க.

வராமல் என்ன செய்யும்? பத்து மாதத்துக்கு முன் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவள் புருஷன் யோகராஜ் போய்விட்ட சேதி வந்ததும் இதே போனில்தான். தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகச் சுற்றிய மனுஷன், மஞ்சள் காமாலையை வெறும் அசதி என்று நினைத்துவிட்டான். முப்பத்தைந்து வயது. குழந்தை இல்லை.

சுகுணா நாலு தடவை "சரிங்க" என்றாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இருபது முகம். "யாருக்கும் ஒண்ணும் இல்ல. மாலத்தீவுல கணக்கு டீச்சர் வேலை கெடச்சிருக்கு. அடுத்த மாசம் வரச் சொல்றாங்க" என்றாள்.

"அட, இந்தப் போனுக்கு நல்ல சேதியும் சொல்லத் தெரியுமா!" என்றார் அண்ணாச்சி. யாரோ சிரித்தார்கள். பிறகு சுகுணா நிற்பது நினைவு வந்து சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யோகராஜ் போனதிலிருந்து ஊரே அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசியது. காய்காரி பேரம் பேசமாட்டாள். சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜையன்று குங்குமத் தட்டு ஸ்டாஃப் ரூமைச் சுற்றி வந்தது. தட்டை ஏந்தி வந்த பெண் அவள் முன்னால் வந்ததும் நீட்டவும் முடியாமல், விலகவும் முடியாமல் நின்றாள். அவளுக்காக சுகுணாவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். நாளாக ஆக அவள் குரலும் தணிந்துபோனது. ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு அவள் சொல்வது கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்லவும் எந்தப் பையனுக்கும் மனசு வரவில்லை.

அடுத்த வீட்டு பிரேமா அன்று சாயங்காலமே சுகுணாவின் மாமியார் வெயிலம்மாளிடம் வந்து உட்கார்ந்தாள். "ஏன் மதினி, வயசுப் பிள்ளையத் தனியா கடல் தாண்டி அனுப்பவா போறீய?"

"இங்கன வச்சு என்ன செய்யச் சொல்லுத? நீயெல்லாம் தெனைக்கும் வந்து பாவம் பாவம்னு சொல்லிட்டுப் போறதுக்கா?" என்றாள் வெயிலம்மாள். பிரேமா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம், அப்புறம் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் படகு. ஜனவரிக் கடைசியில் சுகுணா அந்தச் சின்னத் தீவில் இறங்கினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பதினைந்து நிமிஷத்தில் நடந்துவிடலாம். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம் என்று காகிதத்தில் இருந்தது. திருப்தியில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பிப் போவதென்றால் அந்தத் தாழ்ந்த குரல்களுக்குள்தான் போக வேண்டும். இந்த முறை, போன வேலையும் நிலைக்கவில்லையே என்ற பாவமும் சேர்ந்துகொள்ளும். படகில் வாந்தியெடுத்துக்கொண்டே அவள் இதைத்தான் நினைத்தாள்.

அவளுக்கு அறை கொடுத்த வீட்டுக்காரி ஆமினத். நாற்பது வயதிருக்கும், உரத்த குரல், கொஞ்சம் இங்கிலீஷ். வந்ததும் கேட்டாள்: "ஹஸ்பண்ட்?"

"இறந்துவிட்டார்" என்று சுகுணா இங்கிலீஷில் சொன்னாள். சொல்லிவிட்டு, அந்த முகம் மாறுவதற்காகக் காத்திருந்தாள்.

"ஓ" என்றாள் ஆமினத். "மீன் சாப்பிடுவாயா?"

ராத்திரி அறை அடுப்பு மாதிரி வெந்தது. மேலே கொக்கி மட்டும் இருந்தது, மின்விசிறி இல்லை. சுகுணா ஆமினத்தைக் கூப்பிட்டு, "ஃபேன், ஃபேன்" என்று சொல்லி, ஆள்காட்டி விரலைச் சுழற்றியும் காட்டினாள். ஆமினத்துக்கு உடனே புரிந்துவிட்டது. "ஃபென்! ஃபென்!" என்று சந்தோஷமாகத் தலையாட்டி, முற்றத்துச் சிமெண்ட் தொட்டியையும் அதன் குழாயையும் காட்டினாள். அவளும் விரலைச் சுழற்றிக் காட்டினாள். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்பது போலக் கையை விரித்தாள். சரி, காற்றுதான் இல்லை, தண்ணீராவது இருக்கிறதே என்று சுகுணா போய்ப் படுத்தாள்.

விடிகாலையில் முகம் கழுவப் போனாள். ஆமினத் தொழுகையை முடித்துவிட்டு அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள். சுகுணா குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. காற்று இரையவில்லை, சொட்டுச் சொட்டாகத் தொடங்கவில்லை, திருகியதும் கொட்டியது. கோவில்பட்டியில் சீவலப்பேரித் தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை வரும், முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடும். குழாயில் தண்ணீர் வந்தால் பிடிக்க வேண்டும். அதற்கு யோசிப்பதென்று ஒன்று கிடையாது. முதலில் இரண்டு வாளி. பிறகு முற்றத்தில் கவிழ்த்திருந்த அண்டா, சட்டிகள், பெரிய பேசின், கெட்டில். கடைசியில் தன் பிளாஸ்க். பிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு, இன்னும் என்ன பாத்திரம் கிடைக்கும் என்று சுற்றிப் பார்த்தபோது வாசலில் ஆமினத் நின்றாள்.

அது மழைத்தண்ணீர். இனி மே மாதம் வரைக்கும் மழை கிடையாது. அந்த வீட்டின் நாலு மாதக் குடிதண்ணீர் அந்தத் தொட்டிக்குள்தான் இருந்தது. இதெல்லாம் சுகுணாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆமினத் கத்தினாள். தொட்டியைத் தட்டிக் கத்தினாள், வானத்தைக் காட்டிக் கத்தினாள், இடுப்பில் கைவைத்து அண்டாவைப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த விரலும் அந்த நிற்பும் கோவில்பட்டிக் குழாயடியில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். கிட்டத்தட்ட ஒரு வருஷத்தில் சுகுணாவை ஒருவர் திட்டுவது இதுதான் முதல் தடவை. அவளுக்கு உதடு கோணியது. அழப்போகிறாள் என்று ஆமினத் நிறுத்தினாள். சுகுணா சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. சிரிக்கிறாளே என்று ஆமினத்துக்கு இன்னும் கோபம் ஏறி, இன்னொரு சுற்றுத் திட்டித் தீர்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் பெருமாள்சாமி எட்டயபுரத்துக்காரர். மூன்று வருஷமாக அங்கே இருக்கிறவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"டீச்சர், இவிய பாஷையில ஃபென்னா தண்ணி. நீங்க தண்ணி கேட்டிருக்கீய, அவிய காட்டியிருக்காவ. அதுக்கு ஒரு செம்பு புடிச்சாப் போதாதா?"

"கொழாயில தண்ணி வந்துச்சே ஸார்."

"வந்தா?"

"புடிக்கணும்லா?"

பெருமாள்சாமி நாற்காலியைத் தேடி உட்கார்ந்து சிரித்தார். "சர்டிபிகேட்டே வேண்டாம் டீச்சர். கோவில்பட்டின்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கு."

"சிரிக்காதீங்க ஸார். ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிருவாங்களா?"

"தீவே இம்புட்டுக்காணு. யாரும் போய்ச் சொல்லணுமா?" என்றார். பிறகு, சிரிப்பை விட்டுவிட்டு, "போன வருஷம் ஒருத்தரு, வீட்டுக்காரங்களோட ஒத்துப்போகாம ரெண்டாம் மாசமே கெளம்ப வேண்டியதாப் போச்சு. பாத்து நடந்துக்கிடுங்க" என்றார்.

பிடித்த தண்ணீரை ஆமினத் வீணாக்கவில்லை. அண்டாவை அக்காளுக்கும் வாளிகளைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டாள்; நாலு நாள் அந்தச் சந்தே அதில் சமைத்தது. சிறு பிள்ளைகள் சுகுணாவைக் கண்டால் "ஃபென் மிஸ்!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். ஆமினத் தினமும் எதற்காவது திட்டினாள். கதவைச் சாத்தவில்லை, மீன் தலையைத் தூக்கிப் போட்டுவிட்டாய், சோறு இவ்வளவா தின்பது. சுகுணாவும் தமிழிலேயே திருப்பிச் சொல்லக் கற்றுக்கொண்டாள். "ஒங்க மீனுக்கு உப்பே போடத் தெரியல, இதுல ஒங்களுக்கு வாய் வேற." ஆமினத்துக்குப் புரியாவிட்டாலும், அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள்.

ஒரு நாள் எட்டாம் வகுப்பில் இரண்டு பையன்கள் ஜன்னல் வழியே படகு பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏலே, உக்காரு!" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. வகுப்பே அதிர்ந்து அடங்கியது. அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம். அன்று முதல் அந்த வகுப்பில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எல்லோரும் 'ஏலே'தான்.

ஏப்ரல் கடைசியில் தலைமை ஆசிரியர் ஒரு பாடம் முழுக்கப் பின்னால் உட்கார்ந்து கவனித்தார். பிறகு அறைக்குக் கூப்பிட்டார். அவர் காகிதத்தைப் புரட்டினார். "உங்கள் வீட்டுக்காரியிடம் கேட்டேன். தண்ணீர் விஷயம் சொன்னாள். அரை மணி நேரம் சொன்னாள்."

சுகுணா தரையைப் பார்த்தாள்.

"கடைசியில், 'கத்தினால் கேட்டுக்கொள்கிறாள், திருப்பியும் கத்துகிறாள். இருக்கட்டும்' என்றாள். உங்கள் குரல் கடைசி பெஞ்சுக்கு நன்றாகக் கேட்கிறது." கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "இரண்டு வருஷம்."

வெளியே வந்ததும் பெருமாள்சாமி புருவத்தை உயர்த்தினார். "என்ன டீச்சர், மூட்டை கட்டணுமா?"

"இல்ல ஸார். இருக்கேன்" என்றாள்.

வரும் வழியில் கடையில் நாலு ஆணி வாங்கினாள். இத்தனை நாளும் கொசுவலையை மேலே போர்வை போலப் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள்; விட்டுப் போகப்போகிற வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பானேன் என்று இருந்துவிட்டாள். அஸ்தமனத்துக்கு முன் ஆமினத்திடம் சுத்தியல் வாங்கி, அவளுடைய வசவையும் கேட்டுக்கொண்டே அடித்தாள். மூன்று ஆணி இறங்கிவிட்டது. பவளக்கல் சுவரில் நாலாவது வளைந்துபோனதால், வலையின் அந்த ஒரு முனையை மட்டும் அன்று கட்டவில்லை.