நரம்பை அறுக்கத் தாமதித்தேன்

தூண்டில் படகு ஓட்டும் வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் மீனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வஞ்சிரம் எந்த ஆழத்தில் கிடைக்கும், மயில்மீன் எந்த மாதம் வரும், ரீலில் தூண்டில் நரம்பை இறுக்கும் டிராக் எவ்வளவு வைப்பது. புதுச்சேரியில் பதினாறு வருடம் டூரிஸ்ட்களைக் கடலுக்குக் கூட்டிப்போனவன் என்பதால் அதெல்லாம் சொல்வேன். ஆனால் முசியே அந்துவான் வந்த நாளைச் சொல்லாமல் யாரையும் ஸ்டியரிங் பிடிக்க விடுவதில்லை.

அவர் முதலியார்பேட்டைக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வு பெற்று, பாதி வருடம் இங்கே, பாதி வருடம் அங்கே. வயது அறுபத்து நாலு. கூட மகள் சில்வி. படகில் நானும், டெக் வேலை பார்க்கும் பிள்ளைச்சாவடி சேகரும். காலையில் கரையோரம் இரண்டு பாரை மீன் பிடித்துவிட்டு, பன்னிரண்டு மைல் வெளியே போனோம்.

பத்தேகாலுக்கு ரீல் அலறியது. தூரத்தில் ஒரு மயில்மீன் முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு எம்பியது. முசியே தூண்டில் ராடைப் பிடித்தார். அவர் இடுப்புப் பெல்ட்டை ரீலோடு மாட்டிவிட்டேன். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. அரை மணி நேரம் நின்றபடியே இழுத்தார்.

சேகர் என் பக்கம் வந்து மெல்லச் சொன்னான். "பாய், அவர் மூஞ்சியப் பாருங்க. வெளுத்துப்போச்சு. நரம்ப அறுத்துடலாம்."

பார்த்தேன். காற்று நன்றாக அடித்தது, அவருக்கு வேர்வை கொட்டியது. தாடையைத் தோளில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"முசியே, நெஞ்சு வலிக்குதா?"

"வாயுப்பா. ஒண்ணும் இல்ல."

"ராடைக் கொஞ்சம் சேகர்கிட்ட குடுங்க."

"நோன்! யாரும் தொடாதீங்க. இந்த மீனுக்காக எவ்ளோ வருசம் காத்திருந்தேன் தெரியுமா?"

வேறு கை பட்டால் அது அவர் பிடித்த மீன் ஆகாது. இந்த விளையாட்டில் அப்படித்தான். வாயு என்றதை நான் நம்பினேன். உண்மையில், நம்ப விரும்பினேன். அந்த சீசனில் மற்றப் படகுக்காரர்களெல்லாம் மயில்மீனோடு போட்டோ போட்டுவிட்டார்கள், என் படகுக்கு ஒன்றுகூட வரவில்லை. மீன் படகுக்குப் பின்னால் நாற்பது மீட்டரில் தெரிந்தது. எஞ்சினை ரிவர்ஸில் போட்டு மீனை நோக்கிப் போனேன். இப்படிப் பத்து நிமிடம் போயிற்று.

திடீரென்று அவர் முழங்கால் மடிந்தது. அதே நேரம் மீன் அடியில் பாய்ந்தது. பெல்ட் ரீலோடு இருந்ததால் மீன் அவரையும் சேர்த்து இழுத்தது. பாதி உடம்பு படகுக்கு வெளியே போய்விட்டது. "பப்பா!" என்று சில்வி கத்தினாள். சேகர் பாய்ந்து அவர் காலைப் பிடித்தான். நான் கத்தியை எடுத்து நரம்பை அறுத்தேன்.

அவரை உள்ளே இழுத்து, லைஃப் ஜாக்கெட்டுகளைப் பரப்பிப் படுக்க வைத்தோம். போனில் சிக்னல் இல்லை. ரேடியோவில் ஜெட்டி ஆளைக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்றேன். பிறகு இரண்டு எஞ்சினையும் முழு வேகத்தில் விட்டேன். படகு ஒவ்வோர் அலையிலும் தூக்கித் தூக்கிப் போட்டது.

"மெதுவா போங்க! அவருக்கு அடிபடுது!" சில்வி அழுதாள்.

"மெதுவா போனா நேரம் ஆயிடும் பாய்" என்றான் சேகர்.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அலையை நேராக வாங்காமல் சாய்வாக வாங்கினேன். தூரம் கூடியது, குலுக்கல் குறைந்தது. சரியாகச் செய்கிறேனா என்று கடைசிவரை தெரியவில்லை.

துறைமுக முகத்துவாரத்தில் நீர் வற்றி, மணல் மேட்டில் அலை உடைந்துகொண்டிருந்தது. எஞ்சினைக் குறைத்து நின்றேன்.

"ஏன் நிக்கறீங்க? கரை தெரியுது இல்ல?"

"இப்ப நுழைஞ்சா கவுந்துடும்மா."

மூன்று பெரிய அலைகளைப் போகவிட்டேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். நாலாவது அலையின் முதுகில் ஏறி உள்ளே போனேன். ஜெட்டியில் ஆம்புலன்ஸ் நின்றது.

பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனிக் கடலும் ராடும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "மீன் எவ்ளோ பெருசு இருக்கும் காதர்?" என்றுதான் கேட்டார்.

வராந்தாவில் சில்வி என்னை நிறுத்தினாள். "அண்ணே, சேகர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு, அப்பவே அறுத்திருக்கலாம் இல்ல?"

முசியே விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. "ஆமாம்மா. எனக்கும் அந்த மீன் வேணும்னு இருந்துச்சு" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து என் படகில் கத்தி டெக் ஆளின் இடுப்பில் இருக்கிறது. ராடு பிடித்தவரின் முகத்தைப் பார்ப்பதுதான் அவன் வேலை. அறுக்க வேண்டும் என்று தோன்றினால் என்னைக் கேட்க வேண்டியதில்லை. ஸ்டியரிங்கில் இருக்கிறவன் மீனுக்கு ஆசைப்படுவான், அதை மாற்ற முடியாது. அதனால் அறுக்கிற முடிவை அவனிடம் விடாதீர்கள்.