மாதாவுக்கு விட்ட இடம்

எங்கள் கோவில் பீடத்துக்கு மேலே மாட்ட மாதா படம் எழுத வந்தவர் ஒல்லி. காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். வாசலில் பூக்கட்டி விற்கும் என்னிடம் தினமும் நாலு ரோசாவும் ஒரு கை சம்பங்கியும் வாங்கிப்போய், அதைப் பார்த்துப் பார்த்துப் பூமாலையை வட்டமாக வரைந்தார். நடுவில் மட்டும் வெறும் துணி.

"சாமி இல்லாம மாலையா? நானெல்லாம் கழுத்தை அளந்துதேன் கட்டுவேன்," என்றேன். எனக்குத் தொழில் கர்வம் உண்டு.

"பூ எனக்கும்மா, முகம் எங்க அண்ணனுக்கு. கடைசியா வந்து வரைவாரு. அப்பப் பாருங்க."

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் எதிர்த்த எஸ்.டி.டி. பூத்துக்குச் செய்தி வந்தது. அண்ணனுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டதாம்.

"நீயே முடிச்சிருப்பா," என்றார் பங்குச்சாமியார். இவர் வரைந்தார், அழித்தார். "செத்த நேரம் உக்காருங்கம்மா, உங்களைப் பாத்து வரையுறேன்," என்றார். அசையாமல் உட்கார்ந்தேன்.

"கண்ணும் பூவிதழாத்தேன் வருது," என்று அதையும் அழித்தார்.

திருவிழாவன்று காலண்டர் மாதாவை வெட்டி நடுவில் ஒட்டியிருந்தார்கள். சனம் முழந்தாளிட்டது. தூணோரம் நின்றவரிடம் போய், "பூவு உசுரோட இருக்குப்பா," என்றேன்.

"அண்ணன் தேறி வந்து, 'என் இடத்துல எதையோ ஒட்ட விட்டுட்டியேடா'ன்னு கேட்டா என்னம்மா சொல்லட்டும்?"

சந்தையில் நாலு பேரை மடக்கிப் பேசும் வாய் எனக்கு. அன்றைக்குக் கூடையில் மிச்சமிருந்த நாலு ரோசாவை அவர் கையில் வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினேன்.