அலுங்காமல் குலுங்காமல்

உள்ளாட்சி அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘தொட்டில்’தான். அவர் ஓட்டும் ஜீப்பில் ஏறியவர்கள் இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். கோப்பு பார்த்துக்கொண்டே வந்த மேலதிகாரி ஒருவர் வாயைப் பிளந்து குறட்டை விட்ட கதையை ஆபீஸ் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. மனிதருக்குச் சொத்துசுகம் எதுவும் கிடையாது. கல்யாணமும் கூடிவரவில்லை, அக்கா வீட்டோடு ஒண்டிக்கொண்டார். சேர்த்து வைத்தது இந்த ஒரு பேர்தான். அதில் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. வேறு டிரைவர் ஓட்டும் வண்டியில் ஏறினால் இறங்கும்வரை முகத்தைச் சுளித்துக்கொண்டே வருவார்.

ரோட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டவுன் மருத்துவமனை வரை போகும் அந்தச் சாலையில் தாரைவிடக் குழிதான் அதிகம். உள்ளாட்சிக்கு மண் கொட்டத்தான் வக்கு இருந்தது. ஒரு மழைக்கு அதுவும் போய்விடும். எனவே சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் ஒப்படைத்துவிடலாம் என்று வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியில் ஓடியது ஒரே ஒரு பஸ். துறை சாலையை எடுக்காவிட்டால் வண்டியை நிறுத்திவிடுவதாக அதன் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். பஸ் நின்றால் அக்காவின் வேலையும் போச்சு. அக்கா மருத்துவமனையின் சலவை அறையில் படுக்கை விரிப்பு துவைக்கிறவர். ஆபீஸ் ஜீப்பில் வீட்டு ஆட்களை ஏற்றக்கூடாது என்பது சட்டம்.

ஒருவழியாக நெடுஞ்சாலைத் துறை இன்ஜினியரம்மா இரண்டு பேரோடு பார்வையிட வந்தார். முந்தின நாள் மழை. எது குழி, எது வெறும் ஈரம் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. கிளம்புமுன் மேற்பார்வையாளர் தொட்டிலைத் தனியே இழுத்துப்போனார்.

“உன் வித்தையெல்லாம் இன்னைக்கு மூட்டை கட்டி வை. ஒரு குழியையும் விடாத, எல்லாத்துலயும் இறக்கு. இடுப்பு நொந்தாத்தான் நம்ம ரோடு அவங்களுக்குப் புரியும்.”

“எங்க அக்கா பொழப்பு சார். எனக்குச் சொல்லணுமா?” என்றார் தொட்டில்.

வந்தவர்களுக்குச் சாப்பாட்டு ஏற்பாட்டைக் கவனிக்க மேற்பார்வையாளர் பைக்கில் முன்னாலேயே டவுனுக்குப் போய்விட்டார்.

தொட்டில் முதல் குழியில் சொன்னபடியே இறக்கினார். மூன்று தலையும் கூரையில் இடித்தன.

“என்னங்க, புது டிரைவரா?” என்றார் இன்ஜினியரம்மா.

“லைசென்ஸ யாராவது இனாமா குடுத்திருப்பாங்க மேடம்” என்று கூட வந்தவர் சிரித்தார்.

தொட்டிலுக்குக் காது மடல் சுட்டது. அடுத்த குழி வந்தது. இறக்கு என்று புத்தி சொன்னது, கை கேட்கவில்லை. ஸ்டியரிங்கை லேசாக ஒடித்து விளிம்போடு விளிம்பாக வண்டியைக் கொண்டுபோய்விட்டது. இது ஒன்றுதான், அடுத்ததில் இறக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். அடுத்ததிலும் அதையேதான் நினைத்தார். பின்னால் பேச்சு குறைந்தது. யாரோ சுகமாகக் கொட்டாவி விட்டார்கள். பாவி மனுஷன், அந்தக் கொட்டாவியில் குளிர்ந்து போனார். அதற்கப்புறம் அக்கா, பஸ் எதுவும் நினைவில் இல்லை.

டவுனில் இறங்கும்போது இன்ஜினியரம்மா, “அலுங்காம குலுங்காம கொண்டுவந்து சேத்துட்டீங்க. முதல்ல ஏதோ சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். பிறகு மேற்பார்வையாளரிடம் திரும்பினார். “நீங்க எழுதின அளவுக்கு ரோடு மோசமில்லையே சார். ஆரம்பத்துல ஒரு இடந்தான். உங்க ஆபீஸே பாத்துக்கலாம். இந்த வருஷம் நாங்க வேற ரோட்டை எடுத்துக்கறோம்.”

மேற்பார்வையாளர் கெஞ்சிப் பார்த்தார். “நாங்கதான் வந்து பாத்துட்டோமே” என்று இன்ஜினியரம்மா முடித்துவிட்டார். தொட்டில் சுத்தமாக இருந்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டு நின்றார். மேற்பார்வையாளர் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலத்துக்குள் சேதி பரவிவிட்டது. அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது பக்கத்து வீட்டுக்காரி அக்காவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

“உங்க தம்பி என்ன பண்ணுவாரு? குலுக்கித்தான் எடுத்திருப்பாரு. அவங்களுக்கு ஈரமில்ல.”

தொட்டில் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தால் அந்த நல்ல பேரையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். கூசியது.

பக்கத்து வீட்டுக்காரி போனதும் அக்கா கேட்டார்: “எத்தனை குழியில இறக்குன?”

“ஒண்ணுல.”

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சோப்புத் தண்ணீரில் வெந்துபோன விரல்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டார்.

“நல்லா ஓட்டுறேன்னு சொன்னாங்களா?”

தலையை ஆட்டினார்.

“என்ன சொன்னாங்க?”

“விடுக்கா.”

“சொல்லுடா. என் வேலையக் குடுத்து வாங்கியிருக்க. நானும் கேட்டுக்கறேன்.”

“அலுங்காம குலுங்காம கொண்டுவந்து சேத்துட்டேன்னு…”

சொல்லும்போதே உள்ளே எங்கோ லேசாக இனித்தது. அடக்கப் பார்த்தார்; முகத்தில் தெரிந்துவிட்டிருக்க வேண்டும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.