என் தலைமேல் ஒரு சத்தியம்

என் தலையை யாரும் தொடக்கூடாது. பெருமாள் கோயிலில் சடாரி வைக்க வந்தால்கூட இரண்டடி பின்னால் போய்விடுவேன். "என்னடி பவுசு உனக்கு?" என்று அம்மா கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தாள். பவுசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பயம்.

ஏற்காட்டில் எங்கள் கடைக்குத் 'தொரை கடை' என்று பேர். வெள்ளைக்காரத் துரைமார்களின் எஸ்டேட் பங்களாக்களுக்கு ஜாம் பாட்டிலும் மண்ணெண்ணெயும் அனுப்பிப் பிழைத்தவர் என் தாத்தா. வெள்ளைக்காரன் போட்ட ஏதோ வரியை எதிர்த்து மலையிலிருந்த கடைக்காரர்கள் எல்லோரும் கடையை அடைத்தபோது, இவர் மட்டும் பின்வாசல் வழியாகத் துரைகளுக்குச் சாமான் கொடுத்தாராம். தாத்தா போய், துரைகளும் கப்பலேறிப் போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. கல்யாணப் பந்தியில்கூட எவனாவது ஒருவன், "ஏனுங்க, பின்வாசல் தொறந்திருக்குதுங்களா?" என்று அப்பாவைக் கேட்டுச் சிரிப்பான். அப்பா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

எழுபதுகளில், நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், சர்க்கார் புதிதாக ஒரு வரி போட்டது. வியாபாரிகள் மறுபடியும் கடையடைப்பு என்று கிளம்பினார்கள். இந்தத் தடவை அப்பாதான் முதல் ஆளாக நின்றார். வரி ரத்தாகும்வரை கடை திறக்கக்கூடாது, வண்டி மலையைவிட்டு இறங்கக்கூடாது. சேர்வராயன் கோயிலில் ஒவ்வொருவராகக் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். அப்பாவின் முறை வந்ததும் ஒருவர் கனைத்தார். "மத்தவங்களுக்குக் கற்பூரம் போதுமுங்க. தொரை கடைக்காரருக்குப் போதுமுங்களா?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை இழுத்து உச்சந்தலையில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். "எங்க வேன் மலைய உட்டு எறங்குச்சுன்னா, இந்தப் புள்ள எனக்கில்லைங்க." எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. அறியாத வயசு, அவ்வளவுதான்.

நாலாம் நாள் மதியம். எங்கள் வேன் வாசலில் கழுவித் துடைத்து நின்றது. கடையடைப்பில் ஓட்டாமல் நின்ற வண்டியையும் தினமும் காலையில் கழுவுவது எங்கள் குடோனில் காப்பி மூட்டை தூக்கும் கொட்டச்சேடு கிராமத்துக்காரர். அன்று காலையும் கழுவிவிட்டுப் போனவர், மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னாலேயே நாலு பேர், மூங்கிலில் கம்பளித் தூளி கட்டி அவர் சம்சாரத்தைத் தூக்கிவந்தார்கள்.

"ஏனுங்க மொதலாளி, புள்ள குறுக்க கெடக்குதாமுங்க. இங்க ஆஸ்பத்திரியில முடியாதுன்னுட்டாங்க. சேலத்துக்குக் கொண்டு போவோணுமாமுங்க. பஸ்ஸு ஆறு மணிக்குத்தானுங்க. வேன் வேணுமுங்க."

அப்பா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். எடுத்தாரே! என் கண்ணால் பார்த்தேன். வாசல்வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தை இல்லை, தலையை. சாவி மறுபடி ஆணிக்குப் போனது. "வேன் ரிப்பேருப்பா" என்றார்.

அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூளிக்குள்ளிருந்து முனகல் கேட்டது. கொட்டச்சேட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க" என்றார். தூளி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனது. ஆறு மணி பஸ் அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் தாயும் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது.

அடுத்த இரண்டு நாளில் ஏதோ சமரசம் பேசிக் கடைகளைத் திறந்துவிட்டார்கள். வரி அப்படியேதான் இருந்தது. கற்பூரம் ஏற்றியவர்களிலேயே சிலருடைய லாரி தினமும் திருட்டுத்தனமாக இறங்கியதாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்னோடுதான் பள்ளிக்கூடம் வந்தார்கள், ஒரு சளிகூடப் பிடிக்காமல்.

கொட்டச்சேட்டுக்காரர் மறுபடி வேலைக்கு வந்தார். வேனைக் கழுவினார். எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் விசாரிப்பது அவர்தான். கேட்கும்போதே போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொள்வேன். மூடுபனி இறங்கி வாசல் மறைந்துபோகும் சாயங்காலங்களில், அந்த மூங்கில் கிரீச்சிடுவதைப் பல வருஷம் கேட்டிருக்கிறேன். போய்ப் பார்த்தால் வேன் மட்டும் ஈரமாக நிற்கும்.

எண்பதுகளின் முடிவில் அப்பா படுக்கையில் விழுந்தார். ஒருநாள், நான் கேட்காமலே சொன்னார்: "அவன் ரெண்டாவது வாட்டி கேட்டிருந்தான்னா குடுத்திருப்பேன், கண்ணு. சாவிய ஆணியில மாட்டுன பொறவும் கையிலயே இருந்தமாதிரி இருந்துச்சு. அவன் கேக்கவே இல்லையே."

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் கொட்டச்சேட்டுக்குப் போனேன். வேன் கழுவியவர் இப்போது கிழவராகியிருந்தார். உட்காரக்கூட இல்லை, கொட்டிவிட்டேன். "அன்னிக்கு வேன் ரிப்பேரே இல்லைங்க."

"தெரியுமுங்க, அம்மணி. காலையில கழுவிட்டு நாந்தானுங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுமா சும்மா போனீங்க? இன்னொரு தடவை கேட்டிருந்தா அப்பா குடுத்திருப்பாராம்!"

"அதனாலதானுங்க கேக்கல" என்றார். "அவரு நொம்ப எளகுன மனசுங்க. கேட்டா குடுத்துருவாரு. உங்க தலை மேல கைய வெச்சுச் சொன்னது மலைக்கே தெரியுமுங்க. எம் புள்ளைக்காவ இன்னொருத்தரு புள்ளைய எப்படிங்க கேக்கறது?"

கிளம்பும்போது, "நல்லாருங்க, சாமி" என்று ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கினார். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.