நான் ஊதவில்லை, குறடு போட்டுத்தான் எடுத்தேன்

இதை எழுத உட்காருவதும் பேனாவை மூடி வைப்பதுமாகப் பல வருஷம் போய்விட்டது. ஐந்து வேளை தொழுகிறவன் நாயின் வாய்க்குள் வேலை பார்த்த கதையை எழுதினால் ஜமாஅத்தில் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். படிப்பும் எட்டாவதோடு சரி. ஆனால் ஊரில் அந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது ஆபத்து. ஆகவே பிஸ்மில்லாஹ் சொல்லி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் பொன்னமராவதிப் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மிக்சர் கலக்குவது, புண் கழுவிக் கட்டுவது, மாட்டைப் பிடித்துக்கொள்வது என் வேலை. நாய் எப்போதாவது வரும். அதைத் தொட்டால் டாக்டர் சொன்னபடி கார்பாலிக் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவேன். பிறகு எங்கள் மார்க்கம் சொன்னபடி ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். அதற்கென்றே கிணற்றடியில் ஒரு சட்டி நிறைய சுத்தமான மண் வைத்திருந்தேன்.

1. சனிக்கிழமை காலை

டாக்டர் மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போடும் கேம்புக்குப் போயிருந்தார். எங்கள் தெரு தெய்வானை ஆச்சி, கயிற்றில் கட்டிய நாயை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். பின்னால் டீக்கடைக் கருப்பையா உலக்கையோடு வந்தார். அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

"தள்ளுங்க பாய். வெறி புடிச்ச நாயி. ஒரே போடு போட்டுட்டுப் போயிடுறேன். புள்ளைங்க வெளையாடுற தெருவு."

"ராவுத்தரே, என் மணிக்கு வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மோருஞ்சோறு தவிர வேற எதுலயும் அது வாய வச்சதில்ல. காப்பாத்துங்க" என்று ஆச்சி அழுதார். பிள்ளை இல்லாத அம்மாளுக்கு அதுதான் பிள்ளை.

மணியின் வாய் மூடாமல் தொங்கியது. எச்சில் நூல் நூலாக வடிந்தது. வெறி நோயிலும் இப்படித்தான் இருக்கும். அதனால் கருப்பையா மேல் குற்றம் இல்லை. எனக்கும் பயம்தான். ஆனால் மணி முன்னங்கால் இரண்டாலும் வாயையே பிறாண்டிக்கொண்டிருந்தது. கேட்டதில், வெள்ளி சாயங்காலம் வரை துள்ளி விளையாடியதாம்.

"அரை மணி நேரம் குடுங்க கருப்பையா. வாயில ஏதோ சிக்கியிருக்கு போல. வாயில ஒண்ணும் இல்லாட்டி, பத்து நாளைக்கு தனிக் கொட்டில்ல பூட்டி வைக்கிறேன்."

"அரை மணியில என்ன, நாய்க்குப் பல்லு வெளக்கி விடப் போறீங்களா?"

தெருவே சிரித்தது. ஆனாலும் உலக்கையைக் கீழே வைத்தார்.

சந்தேகப்பட்ட நாயின் வாயில் வெறுங்கையை விடவே கூடாது. கயிற்றை ஜன்னல் கம்பிக்குள் கொடுத்து மறுபக்கம் இழுத்தோம். மணியின் தலை கம்பியோடு ஒட்டி நின்றது. பற்களுக்கு நடுவே ஒரு கட்டையைக் கொடுத்தேன். ஆச்சி தன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிக்க, வெயில் நேராக வாய்க்குள் அடித்தது. மேல்வாயில், இந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கும் குறுக்கே, உத்திரம் மாதிரி ஒரு எலும்பு!

இடுக்கி அதைப் பிடிக்கவில்லை. வாசலில் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரிடம் நீளக் குறட்டை வாங்கி வந்தேன். பிஸ்மில்லாஹ் என்று ஒரே அழுத்து. 'டக்'கென்று முறிந்து இரண்டு துண்டும் கீழே விழுந்தன. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை 'ஊஃப்' என்று விட்டேன்.

மணி ஒரு வாளித் தண்ணீரையும் குடித்துவிட்டு, எல்லாரையும் விட்டுவிட்டுக் கருப்பையாவின் காலைப் போய் நக்கியது. அவர் உலக்கை மேலேயே ஏறி நின்றுகொண்டார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கேஸ் புத்தகத்தில் எழுதவே மறந்துவிட்டேன்.

2. எலும்பு யாருடையது

எலும்பைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி ஜெய்னம்பு பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

"ஏங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இந்தத் தெருவுல கறி ஆக்குற வீடு நம்ம வீடு ஒண்ணுதானே? பாவம், மோருஞ்சோத்தத் தின்னு கெடக்கேன்னு நாந்தான் கொல்லப்பக்கமா வாராவாரம் போடுறேன்."

தலை குனிந்துகொண்டு இரண்டு பேருமாக ஆச்சியிடம் போய்ச் சொன்னோம். ஆச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அதானே பாத்தேன்! என் மோருஞ்சோத்துலயா இம்புட்டு மினுமினுப்புன்னு! போடுறது போடுற, இனிமே எலும்ப எடுத்துட்டுப் போடு ஆத்தா."

3. ஊரார் சேர்த்தது

பிஸ்மில்லாஹ் சொன்னதையும், மூச்சு விட்டதையும், மண் போட்டுக் கை கழுவியதையும் பார்த்தவர்கள், 'பாய் ஓதி ஊதினார், வெறி இறங்கிவிட்டது' என்று பரப்பிவிட்டார்கள். மறுத்தேன். அடக்கம் என்றார்கள். உள்ளூர எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்கக் கூடாது.

இரண்டு மாதத்தில் ஒரு வண்டிக்காரர் தன் ஏழு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலில் நாய்க்கடி. கடித்த நாய் எங்கேயோ ஓடிவிட்டது.

"ஊதி விடுங்க பாய். தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களாம். புள்ள தாங்காது."

என் பெருமையெல்லாம் அங்கேயே இறங்கியது. புண்ணைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினேன். "நான் அல்லாஹ்கிட்ட துஆ கேக்குறேன். ஆனா தெனமும் பெரியாஸ்பத்திரியில ஊசி போட்டுட்டு வந்தாத்தான் கேப்பேன்" என்று சொல்லி, நானே புதுக்கோட்டை பஸ்ஸில் கூட்டிப் போனேன்.

பதினாலு நாளும் அந்தப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தாள். நான் கையேந்துவேன். பக்கத்தில் ஆச்சி முருகனைக் கும்பிடுவார். கடைசி நாள் ஊசி முடிந்ததும் அவள் கேட்டாள்: "நாளைக்கும் வரவா? மணியப் பாக்க?"

பிறகு வளர்ந்து, தன் கல்யாணத்துக்கு அவளே பத்திரிகை கொண்டுவந்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

நான் கற்றது இதுதான்: துஆவைக் கேளுங்கள், ஊசியையும் போடுங்கள். இதைப் படிக்கும் கம்பவுண்டர் தம்பிகளே, நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது குறடு போட்டதை விட்டுவிடாதீர்கள். எலும்பு என் வீட்டு எலும்பு என்பதையும் மறைக்காதீர்கள். நான் ஊதினேன் என்று மட்டும் தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள். அதை நம்பி ஒரு பிள்ளை ஊசி போடாமல் வீட்டுக்குத் திரும்பிவிடும்.